சங்கு ஊதினால் தரையில் படு

பதிவு 1
பொரித்த மூன்றாம் நாள். காலை 7:10

ஒன்பதும் உயிரோடு இருக்கின்றன. பெட்டிச் சூடு 32 டிகிரி. தீவனம் தின்கின்றன, தண்ணீர் குடிக்கின்றன, குடிக்கிற தண்ணீரிலேயே கழிகின்றன. மொத்தத்தில் நலம்.

பின்னால் யார் கண்டெடுத்தாலும் புரிகிற மாதிரி குறிப்பு எழுத வேண்டும் என்று எங்கள் சபை விதி போட்டிருக்கிறது. ஒருமுறை விளக்கிவிடுகிறேன், இன்னொரு முறை கேட்காதீர்கள். என் பெயர் பிலோமினா. கால்நடை மருத்துவர். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு கால்நடைகூட இல்லாத பதினாறு வருடங்களாக நான் கால்நடை மருத்துவர். இத்தனை காலமும் மனிதர்களுக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். என் கைப்பட்டை நான் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொள்கிறது.

தரைக்கடியில் நாங்கள் தோண்டிய குடியிருப்புக்குப் பெயர் கீழூர். அதன் கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பதை 'வெளி' என்கிறோம். வாணலி போல ஒரு பெரிய பள்ளம், அதன்மேல் தெளிவான கூரைத்துணி, உள்ளே எட்டு வருடமாக நாங்கள் நிரப்பிய காற்று. வாணலியின் அடியில் குளம், என் கொட்டகை, கீழூர்க் கதவு மூன்றும் அருகருகே இருக்கின்றன. சரிவில் ஏறிப் போனால் விளிம்பில் கல் வரப்பும் கேழ்வரகும். இங்கே கவசம் இல்லாமல் மூச்சு விடலாம். ஆனாலும் முதலில் விலங்கு வாழ்ந்து காட்டட்டும், அப்புறம் மனிதர் வரலாம் என்று சபை சொல்லிவிட்டது.

அந்த விலங்குதான் இந்த வாத்துகள். பூமியிலிருந்து உறையவைத்து வந்த கருவைச் செயற்கை ஓட்டுக்குள் வளர்த்துப் பொரித்தோம். நோய் எதுவும் ஒட்டிவிடக் கூடாது என்று என்னை மட்டும் இங்கே தனியாக விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். கதவு கீழூர்ப் பக்கமிருந்துதான் திறக்கும். பெட்டியும் விளக்கும் இல்லாமல் ஒரு மாதம் இவை வெளியில் வாழ்ந்துவிட்டால் கீழூரில் பிறந்த பதினொரு பிள்ளைகளும் இங்கே வருவார்கள். வெயிலே படாமல் அந்தப் பிள்ளைகளின் எலும்பெல்லாம் பிஸ்கட். போன மாதம் ஒரு பையன் கட்டிலிலிருந்து இறங்கும்போது கால் முறிந்தது. கட்டுப் போட்டது நான்தான். அதனால்தான் இந்த ஒன்பது பஞ்சு உருண்டைகளுக்கு இத்தனை உபசாரம்.

பதிவு 2
பொரித்த ஒன்பதாம் நாள். காலை 10:30

பெட்டிச் சூட்டை மூன்று டிகிரி குறைத்தாயிற்று. வாரத்துக்கு ஒரு தடவை இப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால்தான் இறகு முளைக்கும் நேரத்தில் வெளிக்குளிர் தாங்கும்.

வாத்துக் குஞ்சென்றால் பிறந்ததும் நீந்தும் என்று கீழூரில் எல்லாரும் நினைக்கிறார்கள். தாய் இருந்தால் நீந்தும். தாயின் இறகில் இருக்கும் எண்ணெய் குஞ்சின் மேல் படும், தண்ணீர் ஒட்டாது. இவற்றுக்கு அது கிடையாது. நனைந்தால் பஞ்சு மாதிரி ஊறி, நடுங்கியே செத்துப்போகும். ஆகவே பேசினில் ஐந்து நிமிடக் குளியல், துண்டால் துடைப்பு, மறுபடி விளக்கடி. மாப்பிள்ளை என்கிற குஞ்சு துடைப்பதற்காகவே நனைகிறது. பெயரெல்லாம் நான் வைத்ததில்லை. கீழூர்ப் பிள்ளைகள் தினமும் திரையில் பார்த்து வைத்தது. முன்னால் நடப்பது கலெக்டர். உருண்டையாய் இருப்பது வடை.

பொரித்தவுடன் இவை பார்த்த முதல் பொருள் என் முழங்கால். அதனால் என் முழங்கால்தான் இவற்றுக்கு அம்மா. தகரத் தட்டைக் கரண்டியால் தட்டினால் சாப்பாடு என்று பழக்கியிருக்கிறேன். டங் டங் என்றதும் ஒன்பதும் வரிசை கட்டி என் பின்னால் ஓடி வருகின்றன. சபைத் தலைவர் பின்னால்கூட இத்தனை பேர் போனதில்லை.

இன்று சங்குப் பயிற்சி. எங்கள் ஊரில் நல்ல காற்று தரைச் சல்லடைகள் வழியாக வரும். புகையும் கெட்ட காற்றும் கூரையில் போய்த் தேங்கும். ஆகவே அபாயச் சங்கு ஊதினால் எல்லாரும் அப்படியே தரையில் குப்புறப் படுக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் நான்காம் சுரங்கம் தீப்பிடித்தபோது நாற்பது பேர் அப்படிப் படுத்துத்தான் பிழைத்தோம். நானும் அதில் ஒருத்தி. எங்களைப் படுக்கவைத்தது ஒச்சப்பன். காற்றுப் பிரிவு அவன் பொறுப்பில் இருக்கிறது. பயிற்சி வாத்தியாரும் அவன்தான். பிள்ளைகளுக்கு இதைப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறான். ரேடியோவில் கேட்டது:

"சங்கு ஊதினா தரையில படு! மூக்கு கீழ, முதுகு மேல! எந்திரிக்கச் சொன்னாத்தான் எந்திரி!"

கதவுச் சட்டத்தில் இருக்கும் சங்கு வெளியிலும் சேர்ந்து ஊதியது. பயிற்சி என்று தெரிந்திருந்தும் கையிலிருந்த தீவனக் கிண்ணத்தோடு மண்ணில் விழுந்தேன். யோசிக்கவே இல்லை, உடம்பே படுத்துவிட்டது. குஞ்சுகள் என் முதுகில் ஏறி நின்று கத்தின. பயிற்சி முடிந்ததும் ரேடியோவில் ஒச்சப்பன்:

"டாக்டரக்கா, திரையில பாத்தேன். படுத்தீகள்ல, அதான் வேணும். பிள்ளைக சிரிச்சு உருண்டுச்சுக."

சிரிக்கட்டும். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

பதிவு 3
பொரித்த இருபத்தேழாம் நாள். மாலை 4:00

வயிற்றிலும் தோளிலும் இறகு முளைத்துவிட்டது. இன்று முதல்முறையாகக் குளத்தங்கரைக்குக் கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் பெட்டிக்குத் திரும்பினோம். நாளை நான்கு மணி நேரம். இப்படி ஏற்றிக்கொண்டே போய்ப் பெட்டியை மறக்கடிக்க வேண்டும்.

கலெக்டர் தண்ணீரைப் பார்த்ததும் நின்றது. பின்னால் வந்த எட்டும் அதன்மேல் மோதின. அந்தத் தள்ளுமுள்ளில் கலெக்டர் குளத்தில் விழுந்தது. விழுந்ததும் தான் ஒரு வாத்து என்று அதற்கு ஞாபகம் வந்துவிட்டது. அரை நிமிடத்தில் ஒன்பதும் தண்ணீரில். அசோலாப் பாசியைக் கொத்தித் தின்றன, மூழ்கி எழுந்தன. அழுதேன். வயதான காலத்தில் வாத்தைப் பார்த்து அழுகிறாள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

குளத்துக்கு அடியில் சூட்டுக்கம்பி ஓடுகிறது. சபையில் சண்டை போட்டு அதை வாங்கியது நான்தான். ஐஸ்கட்டியில் வாத்து வளர்க்க முடியாது.

ஒச்சப்பனின் மகள் பேச்சிக்கு நான்கு வயது. அப்பா என்னை அக்கா என்பதால் அவளுக்கு நான் அத்தை. இன்று ரேடியோவில் கேட்டாள்:

"அத்தை, நான் வரும்போது கலெக்டரு என் பின்னாடி வருமா?"

வராது, நீதான் அதன் பின்னால் ஓட வேண்டும் என்றேன்.

"ஓடுவேன்! நான் வேகமா ஓடுவேன்!"

அந்தப் பிள்ளை இதுவரை ஓடியதே இல்லை. சுரங்கத்தில் ஓடுவதற்கு இடம் எங்கே இருக்கிறது?

பதிவு 4
பொரித்த நாற்பத்தோராம் நாள். காலை 9:15

பெட்டியை மூடி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. குளத்தங்கரைப் பட்டியில் பகலும் இரவும் வாழ்கின்றன. எடை சரி. இறகில் எண்ணெய் பூசக் கற்றுக்கொண்டன.

கிரகம் முழுக்கத் தூசிப்புயல். கூரைக்கு மேலே வானம் செங்கல் நிறத்தில் இருக்கிறது. சூரியத் தகடுகளில் மின்சாரம் பாதிக்கும் கீழே. ஒச்சப்பன் வெளியின் பெரிய மின்விசிறிகளைப் பாதியாகக் குறைத்திருக்கிறான்.

"கோச்சுக்காதீகக்கா. ஊருக்குள்ள மூச்சு விடவே கரண்டு பத்தல."

கோபமெல்லாம் இல்லை. குளத்துக் கம்பியை மட்டும் நிறுத்தாதே என்றேன்.

குஞ்சுகளின் நடத்தைதான் எரிச்சலூட்டுகிறது. நேற்று மாலையிலிருந்து பட்டிக்குள் உட்கார மறுக்கின்றன. கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பட்டியில் ஒரு பெரிய கல் கிடக்கிறது. ஒன்பதும் அதன்மேல் ஏற அடித்துக்கொள்கின்றன. இடம் கிடைக்காதது என் பூட்ஸ்மேல் ஏறுகிறது. பஞ்சணை மாதிரி உமி பரப்பியிருக்கிறேன், அதில் உட்கார என்ன கேடு? செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

காற்றுமானிகள் எல்லாம் பச்சை.

பதிவு 5
பொரித்த நாற்பத்து மூன்றாம் நாள். காலை 8:20

வடை செத்துவிட்டது.

காலையில் பட்டிக்குள் உமியில் உட்கார்ந்தபடியே கிடந்தது. தலை மட்டும் சாய்ந்திருந்தது. காயம் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. அறுத்துப் பார்த்தேன். குடலில் எதுவும் இல்லை. அலகு நீலம் பாய்ந்திருக்கிறது. மற்ற எட்டும் கல்லின்மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன.

விசிறிகளும் கீழூர்த் திரைக்குப் படம் அனுப்பும் கேமராவும் நேற்றிலிருந்து முழுசாக நின்றுவிட்டன. ரேடியோவில் இரைச்சல்தான் அதிகம். அவர்கள் பேசுவது விட்டுவிட்டுக் கேட்கிறது. நான் பேசுவது அங்கே போகிறதா தெரியவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை.

குனிந்து வடையை எடுத்தபோது எனக்கும் தலை சுற்றியது. துக்கம் என்றுதான் நினைத்தேன். மானியைப் பார்த்தேன். பச்சை.

பதிவு 6
அதே நாள். காலை 11:40

கண்டுபிடித்துவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெளியில் இருக்கும் மானிகள் எல்லாமே கம்பத்தில், நெஞ்சு உயரத்தில் இருக்கின்றன. கவச உடையிலும் மானி நெஞ்சில்தான். மனிதன் மூக்கு இருக்கிற உயரத்தில் காற்று நன்றாக இருந்தால் போதும் என்றே எங்கள் எல்லாருக்கும் பழக்கம். ஒரு ஜாண் உயரத்தில் ஒன்பது மூக்குகள் திரிவதை யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

கொட்டகையில் இருந்த கைமானியைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினேன். நெஞ்சில் பச்சை. இடுப்பில் பச்சை. முழங்காலுக்குக் கீழே போனதும் மஞ்சள். தரையைத் தொடும்போது சிவப்பாகி, பிறகு எண்ணே காட்டவில்லை.

கரியமிலவாயு. செவ்வாய் மண்ணுக்குள் அது காலங்காலமாக ஒட்டிக் கிடக்கிறது. மண் சூடானால் கிளம்பும். என் குளத்துக் கம்பி மண்ணைச் சூடாக்கியிருக்கிறது. விசிறி முழுசாக ஓடியவரை கலந்து போயிற்று. விசிறி குறைந்து, பிறகு நின்றதும் கனத்த வாயு அடியிலேயே தேங்குகிறது, வாணலியில் எண்ணெய் ஊற்றினாற்போல. நிறமில்லை, வாசனையில்லை. அடிவாரத்தில் இருப்பது குளம், கொட்டகை, கதவு.

குஞ்சுகள் இரண்டு நாளாகக் கழுத்தை நீட்டி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கம்பியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். மண் ஆறுவதற்கு நாளாகும். அதுவரை வாயு வந்துகொண்டேதான் இருக்கும்.

பதிவு 7
அதே நாள். பிற்பகல் 1:30

எட்டையும் விளிம்புக்கு ஏற்றிவிட்டேன். கூடையில் நான்கு நான்காகத் தலைமேல் வைத்து இரண்டு நடை. அவசர முகமூடி போட்டுக்கொண்டேன். அதன் சிலிண்டரில் முக்கால் பங்கு தீர்ந்துவிட்டது. இரண்டாம் நடையில் மாப்பிள்ளை கூடையிலிருந்து குதித்துப் பட்டிக்குள் ஓடியது. தேடி எடுப்பதற்குள் பாதி காற்று போயிற்று. வாத்துக்காக மூச்சைச் செலவு செய்தாள் என்று சபையில் கேட்பார்கள். ஆமாம், செய்தேன்.

விளிம்பில் கைமானி தரைவரை பச்சை. குஞ்சுகள் இங்கே வந்ததும் உட்கார்ந்துவிட்டன. இரண்டு நாளுக்குப் பிறகு முதல்முறையாக உட்காருகின்றன. கலெக்டர் இறகுக்குள் தலையைச் செருகித் தூங்குகிறது.

புயல் தீரும்வரை இங்கேயே இருப்போம். விசிறி ஓடினால் எல்லாம் சரியாகும்.

பதிவு 8
அதே நாள். பிற்பகல் 2:45

ரேடியோவில் வந்ததை அப்படியே பதிகிறேன்.

"டாக்டரக்கா, ஒச்சப்பன் பேசுறேன். நீங்க பேசுறது எங்களுக்குக் கேக்கல. கேட்டாலும் கேக்காட்டியும் சொல்லிருறேன். இங்க காத்து மெசின் ரெண்டு நின்னு போச்சு. மத்தது இழுத்துக்கிட்டுக் கெடக்கு. பிள்ளைகளுக்கு உதடு நீலமாகுது. வெளியில மானி பூராம் பச்சை காட்டுது, அங்க காத்துக்குப் பஞ்சமே இல்ல. சபை ஒத்துக்கிருச்சு. பதினொரு பிள்ளைகளையும் நான் கூட்டிட்டு வாரேன். எனக்குப் பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா பெரியவுகளும் வருவாக. மூணே முக்காலுக்குக் கதவத் திறப்பேன். வாத்துகள ரெடி பண்ணி வைங்க, பேச்சி கெடந்து குதிக்கிறா."

வராதே, வராதே என்று தொண்டை கிழியக் கத்தினேன். இரைச்சல்தான் பதில்.

பதிவு 9
அதே நாள். பிற்பகல் 3:25

கதவருகே நின்று பேசுகிறேன். முகமூடியைக் கழற்றித் தோளில் போட்டிருக்கிறேன். நிமிர்ந்து நின்றால் மூச்சு வருகிறது. கைமானியின் கணக்கில் வாயு இங்கே என் தொடைவரை ஏறிவிட்டது. குளத்தின் அளவுக்கு அடர்த்தி இல்லை. இருந்தாலும் தலைவலி பின்னுகிறது.

கணக்குப் போடுகிறேன். பிள்ளைகள் நின்றால் பெரும்பாலும் தலை வாயுவுக்கு மேலே இருக்கும். சின்னதுகளைத் தூக்கிக்கொண்டு உடனே சரிவில் ஏறினால் பிழைப்பார்கள். ஏறுவது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் சங்கு. கதவுச் சட்டத்துக்குள் ஒரு மானி இருக்கிறது, முழங்கால் உயரத்தில். கதவு மூடியிருக்கும்வரை தூங்கும், திறந்தால் விழித்துக்கொள்ளும். திறந்த கணமே அது சிவப்பாகும். சங்கு ஊதும்.

சங்கு ஊதினால் அவர்கள் படுப்பார்கள். நான் படுத்தேனே, தீவனக் கிண்ணத்தோடு.

சங்கை மூடியிருக்கும் இரும்புச் சல்லடையைக் கல்லால் அடித்தேன். பெயரவில்லை. கதவைத் தட்டினேன். நடுவில் காற்றறை, இன்னொரு கதவு. கேட்காது. எதிரே கொட்டகைச் சுவரில் கரியால் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறேன்: படுக்காதே. பிள்ளைகளில் பாதிக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தவர்களும் முகத்தை மண்ணில் புதைத்த பிறகு எதைப் படிப்பார்கள்? என் சத்தம் சங்குச் சத்தத்துக்கு முன்னால் எடுபடாது.

ஒச்சப்பன் மேல் கோபமாக வருகிறது. இவ்வளவு நன்றாக ஏன் சொல்லிக்கொடுத்தான்?

எனக்கு மிச்சமிருப்பது தகரத் தட்டும் எட்டு வாத்தும். பிள்ளைகள் நாற்பது நாளாகத் திரையில் பார்த்து ஏங்கிய வாத்துகள். சரிவில் இருபதடி ஏறினால் வாயு இல்லாத மேடு இருக்கிறது. கதவிலிருந்து நேர்ப்பார்வை. அங்கே கொண்டுவந்து விடப் போகிறேன். இதைவிட நல்ல யோசனை வரவில்லை.

பதிவு 10
அதே நாள். பிற்பகல் 3:58

விளிம்பில் இருக்கிறோம். பிள்ளைகள் பதினொன்றும் இங்கே. எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். இருவர் வாந்தி எடுத்தார்கள். ஒருத்திக்கு மணிக்கட்டு முறிந்திருக்கிறது. அது அப்புறம்.

நடந்ததைச் சொல்கிறேன், வேகமாக. கதவு திறந்தது. ஒச்சப்பன் முன்னால், பேச்சி அவன் கையில், மற்றவர்கள் கைகோத்துப் பின்னால். ஒரு நொடி எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், சங்கு ஊதியது. காற்றறைக் கதவு தானாகப் பின்னால் பூட்டிக்கொண்டது. பதினொரு பிள்ளைகளும் படுத்தார்கள். ஒருவர்கூடத் தவறவில்லை. மூக்கு கீழே, முதுகு மேலே. ஒச்சப்பன் பேச்சியைத் தன் கைக்கடியில் அணைத்துப் படுத்தான். பிள்ளை பயப்படாமலிருக்க அவள் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பாட்டுத்தான் சொல்லியிருப்பான்.

நான் மேட்டில் நின்று தட்டை அடித்தேன். கரண்டி வளைந்தது. சங்குக்கு நடுவே எனக்கே கேட்கவில்லை. ஆனால் வாத்துகளுக்குக் கேட்டது. எட்டும் கூடையிலிருந்து குதித்து வரிசை கட்டின. கலெக்டர் முன்னால். நான் சரிவில் மேலே ஓடினேன், அவை பின்னால் ஓடி வந்தன, சிறகை விரித்துக்கொண்டு.

பேச்சி தலையைத் தூக்கினாள். பார்த்தாள்.

எழுந்தாள். ஒச்சப்பன் அவள் கணுக்காலைப் பிடித்துக் கீழே இழுத்தான். "படுடி! எந்திரிக்கச் சொன்னேனா?" அவன் வாய் அசைந்ததிலேயே தெரிந்தது. அவள் உதைத்தாள். ஷூ அவன் கையோடு போயிற்று. அவள் ஓடி வந்தாள். கலெக்டருக்குப் பின்னால். ஒரு காலில் ஷூ இல்லாமல். அந்தப் பிள்ளை ஓடுகிறது. அதைப் பார்த்து இன்னொன்று எழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக. இரண்டு குட்டிகள் எழவில்லை. முகமூடியோடு இறங்கிப் போய் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வந்தேன்.

ஒச்சப்பனைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையிலும் பிள்ளைகள். அவனைக் காலால் உதைத்து, "எந்திரி, எந்திரி" என்றேன். முகமூடிக்குள் என்ன கேட்டிருக்கும்? அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் என்னைப் படுக்கவைத்த அதே மாதிரி, கையைத் தலைமேல் வைத்து அசையாமல் படுத்திருந்தான். மகள் விதியை மீறிவிட்டாள் என்று தவித்திருப்பானே தவிர, தனக்கு ஆபத்து என்று அவனுக்குத் தெரியாது.

சங்கு இன்னும் ஊதுகிறது. கீழே அவன் முதுகு தெரிகிறது. அசைகிற மாதிரித்தான் இருக்கிறது.

சிலிண்டரில் ஊசி சிவப்பைத் தொட்டு நிற்கிறது. போய்த் திரும்பப் போதாது. போகப் போதும். அவன் ஆள் கனம். பேச்சி, "அப்பா ஏன் இன்னும் படுத்திருக்கு?" என்கிறாள். போய்க் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் செய்ய வேண்டும்.

அடுத்து வருகிறவர்களுக்கு: சங்கு ஊதிய பிறகுதான் காற்றறையில் உள்ள திரை விழித்து இந்தப் பதிவை எடுத்துக்கொள்ளும். கதவு பூட்டியிருக்கும்போது அதைத்தான் முதலில் பார்ப்பீர்கள். சங்கு ஊதும். படுக்காதீர்கள். யார் சொன்னாலும் படுக்காதீர்கள். பிள்ளைகள் விளிம்பில் இருக்கிறார்கள். நிற்கத் தெரிந்தவர் எல்லாரும் நின்றபடியே மேலே ஏறி வாருங்கள். வாத்துகளுக்குச் சாயங்காலத் தீவனம் இரண்டு கிண்ணம், தண்ணீர் மூக்கு முங்குகிற அளவு ஆழம் வேண்டும். மாப்பிள்ளைக்குத் துண்டு.

பதிவு 11
பிற்பகல் 4:07

கதவருகே. உயிர் இருக்கிறது. புரட்டிப் போட்டேன். கண் திறந்திருக்கிறது.

முகமூடி காலி. கழற்றிவிட்டேன். நின்றால் வருகிறது. மூச்சு. குனிந்தால் இல்லை. குனியாமல் எப்படித் தூக்குவது?

ஒச்சப்பா. தம்பி. எந்திரி. உன் மகள் மேலே இருக்கிறாள். நல்லா இருக்கிறாள். ஓடினாள்டா.

கேட்கிறான். உதடு அசைகிறது. கையில் ஷூ. விடவில்லை.

சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கிறேன். ஒரு அடி. இன்னொரு அடி. சரிவு இங்கேதான் தொடங்குகிறது. கரண்டு குறைந்து சங்கு கம்மிவிட்டது, மேலே தட்டுச் சத்தம் கேட்கிறது. பேச்சி தட்டுகிறாள். டங் டங். வாத்தெல்லாம் கத்துகின்றன.

என்ன சொல்கிறாய்? சத்தமாகச் சொல்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பலம் இருக்கிறது இன்னும். ஊதுதுக்கா, ஊதுது என்கிறான். அழுகிறான். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான்.

கீழே இழுக்கிறான். படுங்கக்கா, படுங்